துவைத்த இருக்கைகள்

மூன்றாவது முறை தண்ணீர் ஊற்றியும் செம்மண் நிறத்தில்தான் வடிந்தது. காரின் பின்னிருக்கைப் பஞ்சைச் சந்தின் சிமெண்டுத் தரையில் கிடத்தி, புடவையை முழங்கால்வரை ஏற்றிச் செருகிக்கொண்டு, அவள் அதன்மேல் ஏறி மிதித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மிதிக்கும் பஞ்சு மூச்சுவிட்டது. கால்விரல் இடுக்குகளில் அரைத்த மாவைப் போல நைசான வண்டல் பிதுங்கி வந்தது. கழற்றிய உறைகள் வாளியில் சோப்புத் தண்ணீரில் ஊறின.

"போன ஜென்மத்துல இது எருமைமாடா இருந்திருக்கும்ங்க," என்றாள். "குளத்தைவிட்டு ஏறவே இல்ல போல."

ஸ்பேனரும் கையுமாக ஓரத்தில் குந்தியிருந்த கணவன், கழற்றிய திருகாணிகளை ஒரு டப்பா மூடியில் சேர்த்துக்கொண்டிருந்தான். "வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு? எவனாவது நனைஞ்ச குடையோட ஏறியிருப்பான்."

"ஒரு குடையா? ஊரே ஏறியிருக்கு."

மீசை முளைத்த நாளிலிருந்து அடுத்தவன் வண்டியை ஓட்டியவன் அவன். சொந்தமாக ஒன்று வாங்கிப் பயணிகளை ஏற்றலாம் என்று, அவள் தான் வேலைபார்க்கும் மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் சங்கத்தில் கடன் போட்டாள். தவணை அவள் சம்பளத்திலேயே பிடித்தமாகிவிடும். "டாக்டர் வீட்டு வண்டி, தூறல் போட்டாக்கூட வெளிய எடுக்க மாட்டாங்க" என்று சொல்லித்தான் பழைய கார் வியாபாரி இதை அவர்களிடம் தள்ளியிருந்தார். வெயில் ஏறியதும் உள்ளே நனைந்த கோணிப்பை வாடை கிளம்பியது. ஏறுகிறவர்கள் கண்ணாடியை இறக்கினார்கள். முந்தின நாள் ஓர் அம்மாள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாதி வழியிலேயே இறங்கிப் போய்விட்டாள். அதைக் கேட்டதும் அவளுக்குக் கூசியது. வேறு யாருடைய அழுக்கோ என்றாலும், தன் வீட்டு வாசலில் நிற்கும் வண்டி.

ரத்தக்கறைக்குப் பச்சைத் தண்ணீர், மருந்துக்கறைக்குச் சோடா, வாடைக்கு வெயில். அவளுக்குத் தெரிந்த வித்தை முழுவதையும் அன்று இறக்கினாள். தரைவிரிப்பை உரித்தெடுத்துச் சுவரில் சாய்த்துப் பிரஷ் போட்டாள். அதன் அடியில் தகரத்தின் மேல் காய்ந்து வெடித்திருந்த மண்ணைக் கத்தி முனையால் சுரண்டி, ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள். எல்லாம் சந்தின் சாக்கடையில் போய்ச் சேர்ந்தது.

இரண்டு நாள் வெயிலில் காயவைத்து மறுபடி மாட்டியபோது, கார் சலவைக்கடை அலமாரிபோல மணத்தது. அவள் பின்னிருக்கையில் ஏறிச் சாய்ந்துகொண்டாள்.

"டிரைவர், கொஞ்சம் மெதுவா போப்பா."

"மேடம் எங்க இறங்கணும்?"

"இறங்குறதா உத்தேசமில்ல."

அவன் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தான். தெருவைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்தார்கள்.

அந்த வாரம் முடிவதற்குள், பாலத்தின் நடுவில், பயணியோடு, கார் நின்றுவிட்டது. விளக்குகள் தாமாக மின்னின. மழையில்லாத வானத்தின் கீழ் வைப்பர் இடமும் வலமும் துடைத்தது. கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்துப் போனார்கள். சேதி தெரிந்து அவளும் வந்து சேர்ந்தாள். மொட்டை என்று எல்லாரும் கூப்பிடும் மெக்கானிக், ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து ஒரு கொத்து வயரை வெளியே இழுத்தான். செம்பெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது.

"தலைக்கு மேல தண்ணி போயிருக்கு அண்ணே, இதுக்கு. எங்கயோ வெள்ளத்துல முழுகுன வண்டி. ஒண்ணைச் சரிபண்ணா ஒண்ணு போகும். பேசாம வித்தவருகிட்டயே கொண்டுபோய் விட்டுட்டுப் பணத்தைக் கேளுங்க. சீட்டுக்கு அடியில வண்டல் கிடக்கும், அதைக் காட்டினா வாயைத் திறக்க மாட்டாரு."

மொட்டை டார்ச்சை எடுத்துக்கொண்டு இருக்கைக்கு அடியில் குனிந்தான்.

"இதென்ன அண்ணே, சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கு?"

"நான்தான் கழுவினேன்," என்றாள் அவள். "நாத்தத்தைத்தானே எடுத்தேன்."

"அக்கா, அந்த நாத்தம்தான் உங்க சாட்சி."

வயரைக் காட்டலாமே, நீயே வந்து சொல்லேன் என்று கணவன் கேட்டான். மொட்டை கையைத் துணியில் துடைத்தான். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான். "எனக்கு வர்ற வேலையில பாதி அவரு ஷெட்டுலேருந்து வருது அண்ணே. நான் சொன்னதா மட்டும் சொல்லிடாதீங்க."

வியாபாரியின் ஷெட்டில், அவர்களைப் போல ஏதோவொரு காகிதத்தோடு வந்திருந்த சிலரோடு வெயில் தணியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வியாபாரி வந்ததும் அவளைத்தான் முதலில் பார்த்தார். "வா தங்கச்சி. டீ குடிச்சீங்களா?" எல்லாப் பெண்களும் அவருக்குத் தங்கச்சிதான். விஷயத்தைக் கேட்டார். இழுத்துவந்து நிறுத்தியிருந்த காரின் கதவைத் திறந்து இருக்கையைத் தடவினார். விரலை மோந்து பார்த்தார்.

"யாரு துவைச்சது?"

கணவன் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "நான்தாங்க."

"நல்ல கைம்மா உனக்கு. என் பசங்க மூணு நாள் தேய்ச்சாலும் இப்படி வராது."

என்ன செய்தும் அடக்கமுடியாமல் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. கணவன் தரையைப் பார்த்தான்.

"தண்ணி நிறைய ஊத்தியிருப்பியே?"

"மண்ணு போகவேணாமா? எத்தனை வாளின்னு கணக்கே இல்ல."

வியாபாரி கதவை மெல்லச் சாத்தினார். "அப்போ நீயே யோசி தங்கச்சி. ஓடிக்கிட்டிருந்த வண்டி. உள்ளுக்குள்ள இவ்வளவு தண்ணியை ஊத்தினா வயர் என்ன ஆகும்? இஞ்சின் துணியா, அலசிக் காயப்போட?"

"நாங்க ஊத்துறதுக்கு முன்னாடியே மண்ணு இருந்துச்சுங்க," என்றான் கணவன். "அந்த வயரு ஒரு வாரத்துல பச்சை பூத்ததில்ல."

"யாரு சொன்னா?"

கணவன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"எந்த மெக்கானிக் சொன்னான்? கூட்டிட்டு வாங்க. இல்லைன்னா அந்த மண்ணையாவது காட்டுங்க."

"மண்ணை எப்படிங்க... சாக்கடையில போயிடுச்சு," என்றாள் அவள். அவள் குரல் அவளுக்கே வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது.

"கோர்ட்டுக்குப் போங்க. நான் வேணாம்னு சொல்லலையே," என்றார் வியாபாரி, வருத்தத்தோடு. "நீங்க நடந்து தேயிறதுக்குள்ள இந்த வண்டி நின்ன இடத்துலயே மண்ணாயிடும். உழைக்கிற ஜனம் நீங்க. பாவம் பார்த்துச் சொல்றேன். வாங்கின விலையில பாதிக்கு நானே எடுத்துக்கறேன். கொஞ்சம் இன்னிக்கு, மிச்சம் அடுத்த வாரம்."

காரை அங்கேயே விட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தே திரும்பினார்கள். அவன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் தானும் ஏதாவது சொல்லி அழுது தீர்த்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. சந்து திரும்பும்போது அவன், "பழைய முதலாளிகிட்ட லாரிக்கு ஆள் வேணுமாம். கேட்டுப் பார்க்கறேன்," என்று மட்டும் சொன்னான்.

அடுத்த வாரம் அவன் லாரியில் வெளியூர் போயிருந்தான். மிச்சப் பணத்துக்கு அவளே போனாள். காலையில் சம்பளச் சீட்டு வாங்கியிருந்தாள். இல்லாத காருக்கு முதல் பிடித்தம் அதில் ஏறியிருந்தது. இந்தப் பணமும் வந்தால்தான் கடனில் பாதியாவது அடையும்.

ஷெட் அலுவலகத்தில் கணக்குப்பிள்ளை பண உறையை மேஜைமேல் வைத்தார். ஆனால் அதன்மேலிருந்து உள்ளங்கையை எடுக்கவில்லை. "அண்ணன் சொல்லச் சொன்னாரு. இதோட எல்லாம் தீர்ந்துச்சுன்னு எழுதியிருக்கு. அந்த வண்டியைப் பத்தி இனிமே யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. கீழ கையெழுத்துப் போடும்மா."

ஜன்னலுக்கு வெளியே, முன்வரிசையில் அந்தக் கார் நின்றது. மெழுகு போட்டுத் துடைத்திருந்தார்கள். வெயில் அதன் முதுகில் வழுக்கியது. கதவு திறந்திருக்க, ஒரு சின்ன வயதுப் பெண்ணும் அவள் கணவனும் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

வியாபாரியின் குரல் நன்றாகவே கேட்டது. "குடும்ப வண்டி தங்கச்சி. பொம்பளைங்க கைபட்டுப் புழங்கினது. வச்சிருந்த சுத்தத்தைப் பாரு. கடையில கொடுத்துத் துவைச்சாக்கூட இப்படி வராது."

அவள் எழுந்து ஜன்னல் பக்கம் ஓரடி வைத்தாள்.

"அம்மா," என்றார் கணக்குப்பிள்ளை. உள்ளங்கை இன்னும் உறையின் மேல்தான் இருந்தது. மறுகையால் பேனாவை நீட்டினார்.

அவள் நின்றாள். பிறகு பேனாவை வாங்கினாள். சோடாவில் ஊறி வெடித்த கட்டைவிரல் பேனாவைச் சரியாகப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாக எழுதவேண்டியிருந்தது.

வெளியே அந்தப் பெண் பின்னிருக்கைக்குள் குனிந்தாள். இருக்கைத் துணியைத் தடவினாள். முகத்தைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். நிமிர்ந்து, தன் கணவனைப் பார்த்துச் சரி என்று தலையசைத்தாள்.