மூன்றாவது ஜோடி

"முன்ன வச்சதா, இப்ப வைக்கிறதா? சொல்லு லா புஷ்பம், பாஸ் கடையை மூடிட்டுச் சாப்பிடப் போகணும்."

"அவசரப்படுத்தாதீங்க. ரெண்டையும் ஒரே அளவு சத்தத்துல வைக்கச் சொல்லுங்க. சத்தத்தைக் கூட்டிட்டா எந்த டப்பாவும் நல்லாத்தான் கேக்கும்."

"பாத்தீங்களா பாஸ்? நான் சொல்லல? சுங்கை வே ஃபேக்டரியில ஒரு ஸ்பீக்கர் வெளிய போகணும்னா இவ காதைத் தாண்டித்தான் போகணும். இவ வேணாம்னா மேனேஜரே வேணாம்னுவான்!"

இதைச் சொல்லும்போதெல்லாம் புஷ்பவல்லியின் கணவன் அய்யாவுக்குக் குரலில் ஒரு மாப்பிள்ளை மிடுக்கு வந்துவிடும். கேரி தீவிலிருந்து துறைமுகத்துக்குச் செம்பனை எண்ணெய் லோரி ஓட்டுகிறவன் அவன். நாளெல்லாம் எஞ்சின் உறுமலில் ஊறிய காதுக்கு வீட்டில் நல்ல பாட்டு வேண்டும் என்பது அவனுடைய ஒரே ஆடம்பரம். கேசட் டெக் வந்துவிட்டது. கூடத்து அலமாரியில் அடங்குகிற மாதிரி, கைக்கு எட்டுகிற விலையில் ஒரு ஜோடி ஸ்பீக்கர்தான் பாக்கி. பிரிக்ஃபீல்ட்ஸில் சோலையப்பன் கடையில் அந்த விலைக்கு மூன்று ஜோடி இருந்தன. அவர் மூன்றையும் வரிசையாக வைத்து ஒரு சுவிட்ச் பெட்டியில் இணைத்திருந்தார். அவர் விரல் தட்டினால் போதும், பாடிக்கொண்டிருந்த பெண் ஒரு ஜோடியிலிருந்து எழுந்து அடுத்ததில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

புஷ்பவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடினால் அவள் உன்னிப்பாகக் கேட்பதாக எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு வருடத்துக்கு முன்பு ஃபேக்டரியின் டெஸ்டிங் ரூமில் அது நடந்தது. ஸ்பீக்கருக்குள் செலுத்தும் ஊளை கீழிருந்து மேலே ஏறி ஏறிப் போகும். எங்காவது கரகரத்தால் அந்த ஸ்பீக்கரை ஒதுக்க வேண்டும். அன்றைக்கு ஊளை உச்சிக்குப் போகும் முன்பே நின்றுவிட்டது. மெஷின் கெட்டுப்போயிற்று என்று நினைத்துத் திரும்பினாள். பக்கத்து நாற்காலி ரொஹானி தலையைச் சாய்த்து இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் அந்த ஊளையையே தின்ற காதை அது திருப்பித் தின்றிருந்தது. அன்றிலிருந்து புஷ்பவல்லி யாருக்கும் சொல்லாமல் ஸ்பீக்கரின் இரும்பு விளிம்பில் விரலை வைத்துத்தான் வேலை பார்க்கிறாள். கனத்த குறைகள் விரலுக்குத் தெரிந்துவிடும். மெல்லிய குறைகள் நழுவிவிடும். போன மாதம் இரண்டு பெட்டி சரக்கு திரும்பி வந்தது.

வியாபாரம் படுத்திருந்த அந்த எண்பத்தாறில் ஃபேக்டரிக்கு ஆளைக் கழிக்க ஒரு காரணம் போதும். வருகிற திங்கட்கிழமை டெஸ்டிங் ரூமில் எல்லோருக்கும் காது டெஸ்ட். பழைய ஆள் ஒருத்தியும் அவள் வேலையைக் கேட்டுப் பெயர் கொடுத்த லைன்காரி ஒருத்தியும் மேசையில் எதிரெதிரே உட்கார வேண்டும். இருவரும் கண்ணை மூடிக்கொண்டு, ஊளை கேட்கிறவரை கையைத் தூக்கியிருக்க வேண்டும். முதலில் இறக்குகிறவள் பழையவளாக இருந்தால் வேலை போயிற்று, வீட்டுக்குப் போகலாம்; அவள் நாற்காலி எதிரே இருந்தவளுக்கு.

பெயர் கொடுத்தவர்களில் இராஜம்மாவும் ஒருத்தி. அய்யாவுவின் தங்கை. கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டே இருக்க, அண்ணன் வீட்டிலிருந்து அதே ஃபேக்டரியில் ஸ்பீக்கர் ஒட்டும் பசை லைனுக்குப் போய் வருகிறாள். பசை நெடி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் வந்ததும் ஈரத்துணியை நெற்றியில் கட்டிக்கொண்டு சுருண்டு படுப்பாள். "அண்ணி, உங்க ரூம்ல ஏர்கண்டிஷன் இருக்குமில்ல?" என்று ஒருமுறை கேட்டாள். அதற்குமேல் எதுவும் கேட்டதில்லை. புஷ்பவல்லியும் அந்த லைனிலிருந்து வந்தவள்தான். அந்தத் தலைவலி அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

இப்போது இராஜம்மா கடை வாசலருகே நின்று பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புஷ்பவல்லி எழுந்து ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். முதல் ஜோடியின் பலகை வெறுமனே படபடத்தது. இரண்டாவது சோப்பு டப்பா மாதிரி. மூன்றாவது ஜோடியில் மிருதங்கம் கையின் எலும்பு வரைக்கும் இறங்கியது. சோலையப்பன் இரண்டு முறை மாற்றி மாற்றிப் போட்டார்.

"இதுதான்" என்றாள்.

"எனக்கு என்னமோ இது கம்பளியைப் போத்திக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்கு" என்றான் அய்யாவு.

"உங்களுக்கு லோரி காது."

அவன் சந்தோஷமாகச் சிரித்தான். இராஜம்மா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"ஏலத்துல எடுத்த சாமான். திருப்பி எடுக்க மாட்டேன் அக்கா, இப்பவே சொல்லிடுறேன்" என்றார் சோலையப்பன்.

"இவ கேட்டுச் சொன்னதுக்கு அப்புறம் எதுக்கு பாஸ் திருப்புறது?"

பஸ் நிறுத்தத்தில் பெண்கள் இருவரும் மடியில் ஆளுக்கொரு பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். அய்யாவு ஒயர் வாங்க எதிர்க்கடைக்குப் போயிருந்தான். வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது.

"அண்ணி."

"ம்."

"ஜால்ரா ஒரு பக்கம்தான் வந்துச்சு. என் மடியில இருக்கிற பெட்டியில மேல உள்ள சின்ன ஸ்பீக்கர் செத்துப்போச்சு."

புஷ்பவல்லி பெட்டியைப் பார்த்தாள். துணி மூடிய முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"கடையிலயே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"உங்கண்ணன் எவ்வளவு ஆசையா வாங்குனாரு."

"அதான் அவரு முன்னாடி சொல்லல."

அதில் இரக்கம் இருந்ததா, கணக்கு இருந்ததா? புஷ்பவல்லி அவள் முகத்தில் தேடினாள். வழக்கமான, களைத்த முகம்தான். கெட்டவளாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம். இவள் தினமும் தன் கையால் சோறு வாங்கித் தின்கிறவள். தான் காய்ச்சலில் கிடந்தபோது உடம்பைத் துடைத்துவிட்டவள். திங்கட்கிழமை இவள் எதுவுமே செய்ய வேண்டாம். கையைத் தூக்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

"எவ்வளவு நாளா அண்ணி?"

புஷ்பவல்லி ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். எதிர்க்கடையிலிருந்து அய்யாவு ஒயர்ச் சுருளைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு, ஏதோ பாடியபடி ரோட்டைக் கடக்க நின்றான். பிங்க் நிற மினிபஸ் ஒன்று அவனை மறைத்துக்கொண்டு வந்தது. அது போவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

"திங்கக்கிழமை நீ என் எதிர்ல உக்காரு" என்றாள். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. "மேசைக்கு அடியில உன் காலை என் கால் மேல வச்சுக்க. உனக்குச் சத்தம் நின்னதும் கையை இறக்கிட்டுக் காலை எடுத்துடு. அப்புறம் நானும் கையை இறக்கிடுறேன். அது போதும், இராஜம்மா."

இராஜம்மா குனிந்து தரையைப் பார்த்தாள். ரப்பர் செருப்புக்குள் அவளுடைய கால்விரல்கள் மெல்ல உள்ளே மடங்கின.