சந்தனம் வைத்த விசை

எனக்கு முன்கோபம் அதிகம். அதை ஒரு தகுதி மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். 1989இல் ஜார்ஜ்டவுன் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜென்சியில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான்தான் தலைவன். பெரிய தலைவன்! எனக்குக் கீழே இருந்தது ஒரே ஒருத்தி, புஷ்பவள்ளி. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பஸ் பிடித்து, ஃபெரி ஏறி வருவாள். வீட்டில் வேறு யாருக்கும் சம்பளம் இல்லை. அவள் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம் அந்த வாரம்தான் மேனேஜர் பரமநாதனின் மேசைக்குப் போயிருந்தது.

அன்று ஆயுத பூஜை. மாலையில் புறப்படும் கப்பலில் எந்தப் பெட்டியை எங்கே அடுக்குவது என்று கணக்கிடும் புரோகிராமைக் காலை எட்டு மணிக்கே அவள் தன் மேசையில் திரையும் கீபோர்டுமாக இருந்த டெர்மினலில் ஓடவிட்டிருந்தாள். முடிய ஆறு மணி நேரம் ஆகும். திரையில் வரி வரியாக ஓடிக்கொண்டே இருக்கும். பதினோரு மணிக்கு நான் சந்தனக் கிண்ணத்தோடு வந்தேன்.

"அண்ணே, ஓடிக்கிட்டு இருக்குலா. கீபோர்ட்ல வேணாமே," என்றாள்.

"எனக்கே சொல்லித் தர்றியா? எழுத்து மேல வச்சாத்தானே வம்பு."

மேல் வரிசையில் இடது ஓரத்து விசையிலும் அதற்கு மேலிருந்த பட்டையிலும் தாராளமாகப் பூசி, குங்குமமும் வைத்தேன். பிறகு எல்லோரும் பூஜைக்குப் போய்விட்டோம்.

பூஜையில் கொடுத்த கடலைச் சுண்டலைச் சாப்பிட்டுவிட்டுப் பன்னிரண்டு மணிக்குத் திரும்பியபோது திரை உறைந்து நின்றது. எந்த எழுத்தைத் தட்டினாலும் அசையவில்லை. பரமநாதனும் வந்துவிட்டார்.

"யாரு பண்ணது?"

நான் யோசிக்கவே இல்லை. "இவதான் சார். கண்டதையும் தட்டியிருப்பா. கவனம் பத்தாது."

அத்தனை பேர் முன்னால் சொன்னேன்.

"அந்த லெட்டர நான் இன்னும் சைன் பண்ணல," என்றார் அவர். "மூணரைக்குள்ள ரிசல்ட் வரலன்னா வேற ஆளத்தான் பார்க்கணும்."

அவர் போனதும், "நிறுத்திட்டு மறுபடி ஓடவிடலாமாண்ணே?" என்று கேட்டாள்.

"இன்னொரு ஆறு மணி நேரம் உங்கப்பாவா குடுப்பாரு?" என்று எரிந்து விழுந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

பக்கத்து டெர்மினலில் நுழைந்து, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பட்டியலைப் பார்த்தேன். அவளுடைய புரோகிராம் சாகவில்லை. ஒரு மணி நேரமாக அடுத்த வரியை எழுத முடியாமல் காத்துக்கொண்டிருந்தது. அப்படியானால் திரையை யாரோ நிறுத்தி வைத்திருக்கவேண்டும். கீபோர்டின் மேல் குனிந்தேன். காய்ந்த சந்தனம் வெடித்திருந்தது. வெடிப்புக்குள் சிவப்பு தெரிந்தது. குங்குமம் என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். சின்ன விளக்கு, எரிந்துகொண்டிருந்தது. நான் பொட்டு வைத்து அழுத்தியது திரையை நிறுத்தும் விசை. அது அழுத்தப்பட்டிருக்கிறது என்று சொல்லும் விளக்கையும் நானே பூசி மூடியிருக்கிறேன்.

மறுபடி அழுத்தினேன். வரிகள் மடமடவென்று ஓடின. மூன்று மணிக்கு முடிந்துவிடும்.

உடனே கைக்குட்டையை எடுத்துச் சந்தனத்தைத் துடைத்தேன். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. புஷ்பவள்ளி உள்ளே வந்து திரையைப் பார்த்தாள்.

"என்னண்ணே ஆச்சு?"

"சரியாயிடுச்சு. இனிமேலாவது பார்த்துத் தட்டு."

மூன்று மணிக்கு அச்சிட்ட தாள்களை நானே பரமநாதனிடம் கொண்டுபோனேன். சொல்லிவிடத்தான் போனேன், சத்தியமாக. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்ல வேளை நீங்க இருந்தீங்க. இந்தப் பொண்ண என்ன பண்ணலாம் மூர்த்தி? அனுப்பிடலாமா?"

"வேணாம் சார். இன்னும் ஆறு மாசம் பார்க்கலாம்," என்றேன். நிரந்தரக் கடிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஐந்து மணிக்கு அவள் கைப்பையோடு என் மேசைக்கு வந்தாள்.

"சார் சொன்னாரு. நீங்க பேசினதாலதான் எனக்கு வேலையே மிஞ்சிச்சாம். நான்தான் தெரியாம எதையோ தட்டிட்டேன் போல. ரொம்ப நன்றிண்ணே."

கைகூப்பினாள். நானும் கைகூப்பி, "பரவால்லம்மா," என்றேன்.