அன்புமொழிக்குக் கண்ணீர் அஞ்சலி

மூன்றாவது போஸ்டர் வரவே மாட்டேன் என்றது. முதல் இரண்டும் ஓரத்தைப் பிடித்து இழுத்ததுமே கையோடு வந்துவிட்டன. இதில் மைதாப் பசை காய்ந்து காகிதம் சுவரோடு சுவராகிப் போயிருந்தது. அன்புமொழி நகத்தால் சுரண்டினாள். நெற்றிப் பக்கம் கொஞ்சம் உரிந்தது, கண்கள் அப்படியே இருந்தன. அவளுடைய கண்கள்தான். ப்ளஸ் டூ முடிந்த அன்று அம்மாவின் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு எடுத்த படம். மேலே கறுப்பில் ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே அவள் பெயர், அவள் பிறந்த தேதி, பக்கத்தில் மறைவு என்று போட்டு நேற்றைய தேதி.

“துப்பட்டாவ மூஞ்சியில சுத்திக்கடி,” என்றாள் காவ்யா. “செத்தவ எந்திரிச்சு வந்து தன் போஸ்டரத் தானே கிழிக்கிறான்னு ஊரே நின்னு பாக்குது.”

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். கீரமங்கலம் பேருந்து நிலையத்தில் டீக்கடை பெஞ்சிலிருந்த நாலு பேரும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். ஆலங்குடி பஸ்ஸின் ஜன்னலில் ஒரு கிழவி கையெடுத்துக் கும்பிட்டாள். அன்புமொழிக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. கையிலிருந்த போனில் அப்பாவின் பெயருக்கு நேரே அறுபத்து மூன்று தவறிய அழைப்புகள். திருப்பி அழைத்தால் ஒரு பெண் அரபியில் என்னவோ சொல்கிறாள். பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்கிறாள்: நீங்கள் அழைத்த எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது.

அப்பா திருமுருகன் சவுதியில் தண்ணி லாரி ஓட்டுகிறவர். யாரோ போனில் அனுப்பிய போஸ்டரைப் பார்த்துவிட்டார் என்பது அந்த அறுபத்து மூன்றிலேயே தெரிந்தது. மகள் உயிரோடுதான் இருக்கிறாள் என்று யாராவது சொன்னார்களா என்பது தெரியவில்லை.

“இன்னும் எத்தன எடத்துல ஒட்டியிருக்காங்கடா?” என்று கேட்டாள்.

“இருபது அடிச்சோம்,” என்றான் வெற்றிசெல்வன். அவன்தான் டைரக்டர். நேற்றுவரை அந்தச் சொல்லை யாராவது சொன்னால் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பான். “பூ மார்க்கெட்ல நாலு பாத்தேன். மிச்சம் தெரியல.”

மூவரும் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் விஸ்காம் முதலாண்டு. இந்தப் பருவத்துக்குக் கொடுத்த வேலை, ஒரு பேய்ப் படத்தின் தொடக்கம். முழுப்படம் வேண்டாம், முதல் இரண்டு நிமிடம் போதும். அதற்குப் பாதி மதிப்பெண். மீதிப் பாதி விளம்பரத்துக்கு. “படம் எடுக்குறது எல்லாருக்கும் வந்துரும். ஊரப் பேச வைங்க பாப்போம்,” என்றார் வாத்தியார்.

கதை எளிது. தென்னந்தோப்பில் மோட்டார் ரூமுக்குள் ஒரு பெண் தனியாக இருக்கிறாள். போன் அடிக்கிறது. எடுத்துப் பார்த்தால் அவள் எண்ணிலிருந்தே அழைப்பு. காதில் வைக்கிறாள், யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவ்வளவுதான். சொந்தப் பெயரைக் கூப்பிட்டால்தான் மனுஷி உண்மையாகத் திரும்புவாள் என்று வெற்றி சொன்னதால் கதையிலும் அவள் அன்புமொழிதான்.

ஆறு மணிக்கு மேல் அம்மா வெளியில் விட மாட்டாள் என்பதால் நள்ளிரவுக் காட்சியை நண்பகலில் எடுத்தார்கள். போனில் வெளிச்சத்தைக் குறைத்துக் குறைத்து வெயிலை நிலவாக்கினான் வெற்றி. “என்னடா நெலா இது, அவளுக்கு வேர்த்து ஊத்துது,” என்றாள் காவ்யா. ரத்தத்துக்கு நன்னாரி சர்பத்தில் குங்குமத்தைக் கரைத்தார்கள். பார்க்க அசலாக இருந்தது, எறும்புக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். கடைசி நொடியில் அன்புமொழி அலறுகிற அலறல் கழுத்தில் ஏறிய கட்டெறும்புக்கானது. இனி நீயே நினைத்தாலும் இப்படி அலற வராது என்று சொல்லி வெற்றி அதை வைத்துக்கொண்டான்.

இருந்ததில் நல்ல கேமரா அன்புமொழியின் போன்தான். அப்பா வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியது. போன வாரம் எல்லாம் சரியாக அமைந்த ஒரு ஷாட்டின் நடுவில் அப்பா அழைத்துவிட்டார். திரை முழுக்க அவர் முகம் வந்து ஷாட் வீணாயிற்று. அன்றிலிருந்து ஷூட்டிங் என்றால் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுவது வழக்கமானது. இன்று காலை ஆறரைக்குப் போட்டது, எடுத்தது பத்தரைக்கு. அந்த நாலு மணி நேரத்தில்தான் எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

போஸ்டர் யோசனை அவளுடையது. “சினிமா போஸ்டர எவன் நின்னு படிக்கிறான்? கண்ணீர் அஞ்சலின்னா வண்டிய நிறுத்திப் படிப்பாங்க. யாரு, எவ்வளவு வயசு, எந்தத் தெருன்னு,” என்று சொன்னவள் அவள். மறைவு தேதியை நாளை வெள்ளிக்கிழமை என்று போடுவது, கீழே சின்ன எழுத்தில் ‘வெள்ளி மாலை ஆறு மணிக்கு யூட்யூபில்’ என்று போடுவது, தன்னை யாருக்கும் தெரியாத புதுக்கோட்டையில் கல்லூரிப் பக்கம் மட்டும் ஒட்டுவது, எல்லாம் பேசித்தான் முடிவானது.

டி.வி.எஸ். வண்டியில் பசை வாளியைத் தொங்கவிட்டபடி முனியசாமி வந்து சேர்ந்தார். போஸ்டர் ஒட்டுகிறவர். வெற்றி போன் போட்டுக் கூப்பிட்டிருந்தான்.

“ஏண்ணே, புதுக்கோட்டையில தானே ஒட்டச் சொன்னோம்?”

“செத்த புள்ள இந்த ஊரு. அங்கிட்டுப் போயி ஒட்டுனா யாருப்பா அழுவா? திருமுருகன் மகளை எனக்குத் தெரியாதா. அழுதுகிட்டே ஒட்டுனேன் நேத்து...” பேசிக்கொண்டே வந்தவர் அவன் தோளுக்குப் பின்னால் அவளைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார். சற்று நேரம் அவள் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். “தாயி. நல்லாருக்கியா?”

“நல்லாருக்கேண்ணே.”

“கீழ யூட்யூப்னு ஒரு வரி போட்டுருந்தோமேண்ணே?” என்றாள் காவ்யா.

“அத பிரஸ்காரரு எடுத்துட்டாரு. துக்கத்துல பயலுக என்னத்தையோ சேத்து அனுப்பியிருக்காய்ங்கன்னு சொல்லி, ‘துயரில் வாடும் குடும்பத்தார்’னு போட்டு விட்டாரு. தேதியும் வரப்போற தேதியா கெடந்துச்சாம். பாவம்னு அவரே திருத்திட்டாரு.”

முனியசாமி வண்டிப் பெட்டியிலிருந்து ஒரு தகடை எடுத்தார். போஸ்டரில் தண்ணீரை அடித்தார். “ஊறணும். காஞ்சதச் சொரண்டுனா மூஞ்சி மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்கும்,” என்றார்.

ஊறும்வரை அன்புமொழி மறுபடி அப்பா எண்ணைப் போட்டாள். அரபிப் பெண்.

புயலில் தென்னையெல்லாம் சாய்ந்த வருஷம் போனவர் அப்பா. இடையில் ஒரே ஒரு தடவை வந்தார், அவள் ஒன்பதாவது படிக்கும்போது. அது ஆயிற்று நாலு வருஷம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு என்று பேச்சு. லீவு வரும் நேரத்தில் அந்தக் கம்பெனியை மூடினார்கள். வேறு கம்பெனிக்குப் போனால் கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. அது முடிந்தபோது டிரைவர் பற்றாக்குறை, அடுத்த மாசம் பார்க்கலாம் என்றார்கள். பத்து மாதமாக அடுத்த மாசம். “இந்தப் பொங்கலுக்கு வாரேன் தாயி” என்று அவர் சொல்லும்போது அம்மா சிரித்துக்கொண்டே அடுப்பைப் பார்ப்பாள். சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீடியோவில், “எந்திரிச்சு நில்லு, எவ்வளவு ஒசந்திருக்கன்னு பாப்போம்” என்பார். அவள் போனை அரிசி டிரம்மில் சாய்த்துவிட்டுப் பின்னால் நடந்துபோய்ச் சுவரோடு நிற்பாள். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “ம்ஹூம், இதுல ஒண்ணும் தெரியல” என்பார். அவள் அப்பாவின் தோளைத் தாண்டிவிட்டாளா என்பது இருவருக்குமே தெரியாது.

பஸ் ஸ்டாண்டுக்குள் அம்மா செவந்தி வந்தது சத்தத்தில் தெரிந்தது. பூப்பையை இடுப்பில் வைத்தபடியே வந்தாள், பின்னால் மார்க்கெட் பெண்கள் ஏழெட்டுப் பேர். நாலு மணிக்கே மல்லிகை பறிக்கப் போனவள். பட்டன் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. கமிஷன் கடையில் பூ நிறுத்துக்கொண்டிருந்தவளை நாலு பேர் கட்டிப்பிடித்து அழுதபோது, யாருக்கு என்னவென்றே தெரியாமல் அவளும் சேர்ந்து அழுதிருக்கிறாள்.

வந்த வேகத்தில் மகளின் முதுகில் ஒன்று வைத்தாள்.

“காலையில டீ போட்டுக் குடுத்துட்டுப் போனேன். அதுக்குள்ள ஒனக்குக் கருமாதி போஸ்டரா? ஒங்கப்பா பாத்தா என்னடி ஆகும்?”

“பாத்துட்டாரும்மா.”

அம்மாவின் அடுத்த அடி பாதியில் நின்றது.

“சும்மா இரு செவந்தி,” என்றாள் ஒரு பூக்காரம்மா. “இப்படி வந்துச்சுன்னா ஆயுசு கெட்டி.”

“நீ பேசாம இருக்கா. ஒம்மகளுக்கு ஒட்டிப் பாரு, தெரியும்.”

அப்போதுதான் போன் அடித்தது. தெரியாத எண், வீடியோ அழைப்பு. எடுத்தால் அப்பா. கம்பெனியின் நீலச் சட்டை, பின்னால் வெள்ளைச் சுவர். கண்கள் வீங்கிப் போயிருந்தன. அவர் அவளைத் தலையிலிருந்து கீழேவரை பார்த்தார்.

“இன்னிக்கி என்ன கெழம?” என்றார் கடைசியில்.

“வியாழன்ப்பா.”

“காலையில என்ன சாப்ட்ட?”

“இன்னும் சாப்பிடலப்பா.”

பழைய வீடியோ எதையும் யாரும் ஓட்டவில்லை என்று அவருக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது போலிருந்தது. தொப்பியைக் கழற்றி முகத்தை அதில் புதைத்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. “கூப்புட்டுக் கூப்புட்டு என் போன் செத்துப் போச்சு தாயி. இது ரூம்ல இருக்க தம்பியோடது. அவந்தான் ஊருல விசாரிச்சுட்டு ஓடியாந்து சொன்னான், அது எதோ சினிமாவுக்காம்னு. நான் நம்பல.”

“நாந்தாம்ப்பா போஸ்டர் போடச் சொன்னேன்.” அழுகையில் அவளுக்கு மூக்கு அடைத்தது. “நீங்க பாப்பீங்கன்னு நெனைக்கல.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. பின்னால் கதவு மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எட்டு மணிக்கு மேனேஜருக்கிட்ட போஸ்டரக் காட்டுனேன். அந்தாளுக்குத் தமிழ் தெரியாது, படத்த மட்டும் பாத்தான். அஞ்சு நிமிஷத்துல கையெழுத்துப் போட்டுட்டான். பத்து மாசமா எழுதி எழுதிக் குடுத்த லீவு.” ஒரு காகிதத்தைத் திரைக்கு நேரே பிடித்தார். வெளிச்சம் பட்டு எழுத்து தெரியவில்லை. “பதினஞ்சு நாளு. பாஸ்போர்ட்டும் கையில குடுத்துட்டாங்க. சாயங்காலம் பிளைட்டு. விடிஞ்சா திருச்சி.”

அன்புமொழி மனதுக்குள் கணக்குப் போட்டாள். விடிந்தால் திருச்சி. அங்கிருந்து காரில் இரண்டரை மணி நேரம். நாளைக் காலையிலேயே அப்பா வீட்டில் செருப்பைக் கழற்றுவார்.

அம்மா போனைப் பிடுங்கினாள். “வேணாங்க. இந்தா, புள்ள கல்லு மாதிரி நிக்கிறா. போயி உண்மையச் சொல்லிருங்க.”

“சொன்னா இந்தப் பேப்பரக் கிழிச்சுருவான். அதோட பொய் சொல்லி லீவு கேட்டவன்னு எழுதி வச்சுருவான். இனி எப்ப கேட்டாலும் கெடைக்காது.”

“சொல்லாம வந்தா?”

“வரலாம்.”

“திரும்பிப் போறப்ப?”

அப்பா காகிதத்தை மடித்தார். “சர்டிபிகேட் கொண்டாரச் சொல்லியிருக்காங்க.”

“என்ன சர்டிபிகேட்டு?” என்று கேட்ட பிறகுதான் அம்மாவுக்குப் புரிந்தது. முனியசாமியின் தகடு சுவரில் அப்படியே நின்றது. வெற்றி வேறு பக்கம் பார்த்தான்.

“அது இல்லாமப் போனா உள்ள விட மாட்டாங்க,” என்றார் அப்பா. “வேல போயிரும். ஊருலயேதான் கெடக்கணும்.”

ஊரிலேயேதான். அந்தச் சொல் அன்புமொழிக்குள் இனிப்பாக இறங்கியது. உடனே அதற்காகவே உடம்பு கூசியது. புதிதாக வைத்த கன்றுகள் இப்போதுதான் பாளை விடுகின்றன, அவை காய்த்துச் சோறு போட இன்னும் காலம் ஆகும். அம்மா ராத்திரி காலை நீட்டிப் படுக்கும்போது விடுகிற பெருமூச்சு அவளுக்குத் தெரியும். அப்பா அங்கே இருப்பதால்தான் தான் காலேஜில் இருப்பதும் தெரியும். இதெல்லாம் தெரிந்தும், மறைவு தேதி போட்ட ஒரு காகிதத்துக்கு எந்த ஆபீசில் யாரிடம் நிற்க வேண்டும் என்றும் அவள் மனது ஒரு கணம் போய்ப் பார்த்துவிட்டு வந்தது.

“உசுரோட இருக்க புள்ளைய எழுத்துல கொன்னுட்டு நீங்க ஒண்ணும் வர வேணாம்,” என்றாள் அம்மா. போனை மகள் கையில் திணித்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவள் முதுகும் குலுங்கியது.

திரையில் எங்கோ ஒரு வண்டி ஹாரன் அடித்தது. அப்பா ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

“ஏர்போர்ட்டு ரொம்ப தூரம், இப்பவே கம்பெனி வண்டி அனுப்பியிருக்காங்க. ஏறணும், இல்ல உள்ள போயி சொல்லணும்.” முகத்தைத் திரைக்கு மிக அருகே கொண்டுவந்தார். தாடியில் நரை இத்தனை இருக்கிறது என்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். “ஒங்கம்மா அப்படித்தான் சொல்லுவா. போஸ்டரு ஒம்பேருல வந்தது, நீ சொல்லு. எனக்கு இங்கன நிக்க முடியல தாயி. அப்பா வரட்டுமா?”