பாயிண்ட் கலைவேந்தன்

என் வீட்டுக்காரரிடம் பேசி ஜெயித்தவர்கள் பாகூர் பக்கத்தில் யாரும் இல்லை. கோயில் திருவிழாக்களில் பட்டிமன்றம் பேசுவதால் ஊரில் அவருக்குப் பாயிண்ட் கலைவேந்தன் என்று பெயர். மேடையோடு விட்டால் பரவாயில்லை, வீட்டிலும் அதே கதைதான். தெருவில் எல்லோரும் வாஷிங் மெஷின் வாங்கிவிட்டார்கள் என்று நான் சொன்னால், "எல்லாரும் வாங்கிட்டா அது சரின்னு ஆயிடுமா அர்ச்சனா?" என்பார். எருமையை விற்றதால்தான் போர் மோட்டார் எரிந்தது என்று மாமியார் புலம்பினால், "பின்னாடி நடந்ததெல்லாம் அதனாலதான் நடந்துதாமா?" என்று கேட்பார். அடுத்தவர் பேச்சில் ஓட்டை கண்டுபிடிப்பதில் அவ்வளவு கெட்டி. எனக்கு எரிச்சலாக வரும். கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும், பொய் சொல்வானேன்.

மதகடி அம்மனுக்குப் பொங்கல் வைத்த கையோடு, அங்கேயே உட்கார்ந்து ஏரித் தண்ணீர் முறை பேசுவது எங்கள் ஊர் வழக்கம். மதகை ஒட்டிய மேல்மடைக் கழனிகளில் தொடங்கி, வாய்க்கால் முடிகிற கடைமடைக்குக் கடைசியாகத் தண்ணீர் போகும். இந்த வருஷம் ஏரியில் தண்ணீர் குறைவு. கடைமடைக் கழனிக்காரி கலியம்மாள் எழுந்து நின்றாள்.

"மேல்மடையில எல்லாருக்கும் போர் கெணறு இருக்குது. எனக்கு ஏரித் தண்ணிய வுட்டா வேற வழியில்ல. நெல்லு கதிர் வாங்கி நிக்குது. இந்த ஒருதரம் என் கழனியிலேர்ந்து ஆரம்பிங்க. அப்புறம் மேல வாங்க."

மேல்மடையில் முதல் கழனி எங்களுடையது. என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"யக்கா, பெத்த புள்ளயே உன் பேச்சக் கேக்காம திருப்பூர் போயி உக்காந்துகினான். ஊரு கேக்கணுமா?"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். கலியம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வழக்கம்போல மேல்மடையிலிருந்தே தண்ணீர் விடுவது என்று முடிவானது.

மறுநாள் காலையில் அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டேன். அவள் குரலில் சண்டையே இல்லை.

"தம்பி, நீ படிச்சவன், பேசறவன். நேத்து நான் பேசுனதுல இன்னா தப்புன்னு மட்டும் சொல்லு. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், ஒண்ணும் புரியல. தெரிஞ்சுகினா அடுத்த வருஷம் சரியா கேப்பேன்."

மேடையில் தண்ணீர் குடிக்கக்கூட நிறுத்தாத மனிதர், வாசற்படியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ பேசுனதுல தப்பு இல்லக்கா."

"அப்போ ஏன் எல்லாரும் சிரிச்சாங்க?"

அந்தக் கேள்வி அவருக்கு மட்டுமா? எனக்குக் கூசிப்போனது. சிரித்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது? அவள் நெல்லைப் பற்றிப் பேசினாள். இவர் அவள் பிள்ளையைப் பற்றிப் பேசினார். நெல்லுக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. வேறு யாராவது அப்படிப் பேசியிருந்தால் முதல் ஆளாக இவரே மடக்கியிருப்பார்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "வாக்கா" என்று கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன்.

மதகுச் சாவி வைத்திருக்கும் சாமிநாதன் டீக்கடையில் இருந்தார். நேற்றுச் சிரித்தவர்களில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். "நேத்து நான் பேசுனது தப்பு. யக்கா கேட்டதுதான் நியாயம். மொதல்ல கடைமடைக்கு வுடுங்க, எங்க கழனி அப்புறம் பாயட்டும்" என்றார் இவர்.

எங்கள் பக்கத்துக் கழனி ராமு டீயை உறிஞ்சிக்கொண்டே, "இன்னா பாயிண்ட்டு, ராத்திரி பொண்டாட்டி சொல்லிக் குடுத்துச்சா?" என்றான்.

கடையே சிரித்தது. இவருக்கு முகம் கறுத்துவிட்டது. நேற்று கலியம்மாள் உட்கார்ந்த மாதிரியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தானே பழக்கிவிட்ட சிரிப்பு, அவரால் என்ன சொல்ல முடியும்?

கலியம்மாள்தான் பேசினாள். "யாரு சொல்லிக் குடுத்தா இன்னா ராமு. என் நெல்லு காயுறது மெய்யா பொய்யா, அதச் சொல்லு."

ராமு டம்ளரைக் கீழே வைத்தான். யாரும் சிரிக்கவில்லை. சாமிநாதன் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

தண்ணீர் எங்கள் கழனியைத் தாண்டி வாய்க்காலில் இறங்கி ஓடியது. வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கலியம்மாள் இவர் பக்கம் திரும்பினாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் தாங்கியிருப்போம்.

"தம்பி, ஒரு ஒதவி. நீ நல்லாப் பேசுற. திருப்பூருக்கு ஒரு போன் போட்டு எம்புள்ளகிட்ட பேசேன். நீ சொன்னா வூட்டுக்கு வந்துடுவான்" என்று சொல்லி, அவள் போனை நீட்டினாள்.

அவர் அதை வாங்கிக்கொண்டார். அவள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை.