பரம்பில் நின்ற கால்கள்

சுவரில் சாத்தியிருந்த அந்த நெட்டைப் பலகையைப் பார்த்ததும் சாந்தம்மாளுக்குப் பரம்புதான் ஞாபகம் வந்தது. நடவுக்கு முன்னால் சேற்றை மட்டமாக்க இரண்டு மாடுகள் இழுத்துப் போகுமே, அந்தப் பலகை. கனத்துக்கு அதன்மேல் ஆள் ஏறி நிற்க வேண்டும். பத்து வயதிலிருந்து அவர்கள் வயலில் நிற்பவள் அவள்தான்.

அதைச் சொல்ல அவள் யார்? மலையிலிருந்து சுற்றுலா வந்த இருபத்திரண்டு பிள்ளைகளில் அவள் சேர்த்தியில்லை. பள்ளி விடுதியில் சமைக்கிற அம்மா கன்னியம்மாளுக்குக் காய்ச்சல். அவளுக்குப் பதிலாகப் புளிச்சோற்றுக் குண்டானோடு மகளை அனுப்பியிருந்தார்கள். "நீ வெளிய சோத்தப் பாத்துக்கம்மா" என்று ராஜவேலு சார் வாசலிலேயே நிறுத்திவிட்டார். அங்கிருந்த காவல்காரர் வடிவேலுதான், "உள்ள வா தாயி, சோறு எங்க நடந்தா போவப் போவுது?" என்று கூப்பிட்டார்.

மகாபலிபுரம் போகும் வழியில், மீனவர் குப்பத்தை ஒட்டிய ஓலைக்கொட்டகை அது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஊர் ஊராகச் சேர்த்த, கடலலைமேல் நின்று சறுக்கும் அலைப்பலகைகளை அங்கே அருங்காட்சியகமாக வைத்திருந்தார். வீட்டுக் கதவு கனத்தில் ஒன்று. கிளி போல வர்ணம் பூசிய, ஒற்றைக் கையால் தூக்கக்கூடியவை நாலைந்து. கால் வழுக்காமலிருக்கத் தேய்க்கும் மெழுகு ஒரு டப்பாவில். எங்கோ ஒரு தீவில், கரும்பாறை போன்ற ஆண்களும் பெண்களும் அலையின் முதுகில் நின்றுகொண்டு வரும் படங்கள். கடலையே அன்று காலையில்தான் சாந்தம்மாள் முதன்முதலாகப் பார்த்திருந்தாள். படத்திலிருந்தவர்களின் முழங்காலைத்தான் உற்றுப் பார்த்தாள். லேசாக மடங்கியிருந்தது. சரிதான் என்று தோன்றியது.

பக்கத்தில் சின்னக்குழந்தை பென்சிலைக் கடித்தபடி நின்றாள். அவர்கள் ஊர்தான், பாரஸ்ட் கார்டு மகள். எட்டாவது வரை வகுப்பில் சாந்தம்மாள் முதல், அவள் இரண்டாவது. போன வருஷம் அம்மா விடுதி வேலைக்குப் போனதும், ஆடு மேய்க்கவும் தம்பிகளைப் பார்க்கவும் ஆளில்லை என்று அப்பா சாந்தம்மாளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். இப்போது சின்னக்குழந்தைதான் முதல். அவள் எழுதி முடித்த நோட்டுகளில் மிஞ்சும் வெள்ளைத்தாள்களைக் கேட்டு வாங்கி, சாக்கு ஊசியால் தைத்து, யாருக்கும் தெரியாமல் புளிப்பானைக்குப் பின்னால் வைத்திருந்தாள் சாந்தம்மாள். அந்தத் தாளைக்கூட அவளிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது என்பது ஒவ்வொரு முறையும் முள்ளாகக் குத்தும்.

சுற்றுலாவைப் பற்றி நன்றாக எழுதுகிறவரின் கட்டுரை போளூரில் நடக்கும் கட்டுரைப் போட்டிக்குப் போகும் என்று சார் சொல்லியிருந்தார். பேரோடு போகும்.

"ஏய் சாந்தி, இது இன்னா மாதிரி கீதுடி? ஒண்ணுமே தோணல எனக்கு."

நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். "எனுக்கு இன்னா தெரியும்? நான் சோறு தூக்க வந்தவ."

"ரொம்பத்தான் பிகு பண்ணிக்காத."

கொட்டகை நடுவில் மணலைக் குவித்து, அதன்மேல் ஒரு பலகையைப் போட்டிருந்தார்கள். ஏறி நிற்கலாம், வடிவேலு ஓரத்தில் கால் வைத்து ஆட்டுவார். ஒவ்வொருவராக ஏறி விழுந்தார்கள். சின்னக்குழந்தை பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஏறி, குனிந்து தன் காலையே பார்த்தாள். அடுத்த நொடி மணலில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் சிரித்ததில் சாந்தம்மாளின் சிரிப்புதான் கடைசியாக நின்றது.

"அந்தப் பொண்ணு ஏறலியா?" என்றார் வடிவேலு.

சாந்தம்மாள் போய் ஏறினாள். கால்களைப் பலகைக்குக் குறுக்கே அகட்டி, முழங்காலைத் தளர்த்தி, எதிர்ச்சுவரைப் பார்த்தாள். வடிவேலு ஆட்டினார். பிறகு பலமாக ஆட்டினார். பலகைதான் ஆடியது.

"அடி ஆத்தா! எந்தக் கடல்ல கத்துக்கின?"

இருபத்திரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள். ஒரு வருஷமாக யாரும் அவளிடம் கேள்வி கேட்டதில்லை. கேட்டதும் வாய் திறந்துகொண்டது.

"பரம்புலங்க. பரம்படிக்கும்போது பலகையப் பாத்தா வுழுந்துடுவோம். எதிர் வரப்பப் பாக்கணும். மாடு திரும்பும்போது நாமளும் கூடவே சாயணும். அவ்ளோதாங்க."

"பலே!" என்றார் சார். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டாத இரண்டு கைகள் சின்னக்குழந்தையுடையவை. ஒன்றில் நோட்டு, ஒன்றில் பென்சில். பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. பலகைமேல் நின்றபடியே சாந்தம்மாள் அதைப் பார்த்தாள். ஆட்டத்தில் விழாதவள் அப்போதுதான் தடுமாறி மணலில் கால் வைத்தாள்.

சாப்பிட்டதும் கிளம்பிவிட்டார்கள். போளூர் தாண்டி பஸ் மலையேறும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சீட்டெல்லாம் பிள்ளைகளுக்கு. காலிக் குண்டானை சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு, சின்னக்குழந்தைக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றாள் சாந்தம்மாள். மூன்றாவது வளைவில் சின்னக்குழந்தையின் முகம் வெளுத்தது.

"எம்மா... தல சுத்துது. இத்தக் கொஞ்சம் புடிடி" என்று நோட்டை அவள் கையில் திணித்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டாள்.

திறந்த பக்கத்தில் அழகான உருட்டு எழுத்து. 'அலைப்பலகை எங்கள் ஊர்ப் பரம்பைப் போன்றது. சிறு வயதிலிருந்து நான் பரம்பில் நின்றிருக்கிறேன். பலகையைப் பார்த்தால் விழுந்துவிடுவோம். எதிர் வரப்பைப் பார்க்க வேண்டும்.'

'நான்'. சின்னக்குழந்தை காலில் ஒருநாளாவது சேறு பட்டிருக்குமா? சாந்தம்மாள் அந்த ஒரு சொல்லையே மறுபடி மறுபடி படித்தாள். முதுகுக்குப் பின்னால் எதிர்வரிசை ஜன்னல் திறந்திருந்தது. பள்ளத்திலிருந்து ஏறிய காற்றில் அந்தத் தாள் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. கிழித்தாலும் சத்தம் கேட்காது. சின்னக்குழந்தை இன்னும் திரும்பவில்லை.

"கெட்டியாப் புடிச்சுக்குங்க, பெரிய வளைவு வருது!" என்று முன்னாலிருந்து சார் கத்தினார்.

எல்லாக் கைகளும் கம்பிக்குப் போயின. சாந்தம்மாள் மட்டும் கம்பியை விட்டாள். இரண்டு கையாலும் நோட்டைப் பிடித்துக்கொண்டு, கால்களை அகட்டி, முழங்காலைத் தளர்த்தி, தாளைப் பார்க்காமல் நிமிர்ந்தாள். பஸ்ஸின் முன்கண்ணாடிக்கு அப்பால் மலை மெதுவாகத் திரும்பத் தொடங்கியது. அவளும் கூடவே சாய்ந்தாள்.