எலும்புக்கூடு டாக்டரிடம் போன கதை

வாசலில் நின்ற ஆளை லீலண்ட் பிராக்மேயருக்கு அடையாளம் தெரிந்தது. கிப் ஹாலரன். ஊர் ஊராகப் போய் அங்கங்கே உள்ளவர்களின் பழக்கங்களைச் சிரிக்கச் சிரிக்கக் காட்டும் டிவி தொடர் அவருடையது. ஒஹாயோவில் ஒரு சமையல்காரர் தன் அப்பா சொல்லிக்கொடுத்த சூப்பைப் பற்றிக் கண் கலங்கப் பேசியபோது, பின்னால் கழுதை கத்தும் சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். அன்று லீலண்டும் சிரித்தான். இப்போது நினைக்கக் கூச்சமாக இருந்தது.

"உங்க செயின்ட் லூயிஸ்ல ஹாலோவீன் அன்னைக்குப் பசங்க ஜோக் சொன்னாத்தான் மிட்டாயாமே சார்?" என்றார் கிப். அவருக்குப் பின்னால் கேமராக்காரரும், கையில் காகிதக் கட்டுடன் மரிசோல் என்ற பெண்ணும் நின்றார்கள்.

"சொல்லாம எப்படித் தருவாங்க?"

"நாங்கள்லாம் கதவைத் தட்டுவோம், பையை நீட்டுவோம். அவ்வளவுதான். நான் ஒரு வீட்டுலகூட ஜோக் சொன்னதில்ல."

ஜோக் சொல்லிப் பிழைக்கிற மனிதர் சின்ன வயதில் ஒரு ஹாலோவீனுக்குக்கூட ஜோக் சொன்னதில்லையாம். முதல் பேச்சே பொய். எதற்காக இந்தப் பொய்?

மரிசோல் ஒப்புதல் காகிதத்தை நீட்டினாள். "உங்க மக கூடவே தெருவுல நடந்து வருவோம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

"ஏன் என் மக? தெருவுல வேற பிள்ளைங்களே இல்லையா?"

"ஒரு மணி நேரமாச் சுத்தறோம். கேமராவைக் கண்டதும் எல்லாப் பிள்ளைங்களும் கையை ஆட்டிச்சு. உங்க மகதான் 'மொதல்ல ஜோக்க யோசிச்சுக்கறேன்'னு சொல்லிட்டு உள்ள போயிட்டா."

பத்து வயது கோராவுக்கு வார்த்தை திக்கும். அதிகமாகத் திக்கும்போது சத்தமே வராது. வாய் திறந்தபடி நிற்கும். போன வருடம் வகுப்பில் ஒரு பையன் அதை நடித்துக் காட்டினான். வகுப்பு சிரித்ததற்கே அவள் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகவில்லை. நாடே சிரித்தால்? இவர்களுக்கு யாரோ சொல்லியிருப்பார்கள், அதனால்தான் இத்தனை வீடுகளைத் தாண்டி இங்கே வந்திருக்கிறார்கள் என்று லீலண்ட் முடிவு கட்டினான். காகிதத்தை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"படிச்சுப் பாக்கறேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் செனடா பூசணிக்காய்க்குள் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வருடங்களுக்கு முன் போஸ்னியாவிலிருந்து வந்தவள். லீலண்ட் அவளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அந்த ஆளு புளுகறான். ஹாலோவீனுக்கு ஜோக்கே சொன்னதில்லையாம்."

செனடா நிமிர்ந்து பார்த்தாள். "லீலண்ட், நெஜமாவே உனக்குத் தெரியாதா?"

"என்ன தெரியாது?"

"வேற எந்த ஊர்லயும் இப்படிக் கேக்க மாட்டாங்கப்பா. நாங்க மொதல்ல சிகாகோலதான் இருந்தோம். அங்க சும்மாவே குடுப்பாங்க. இங்க வந்த வருஷம் என் பையன் மூணு வீட்டுல முழிச்சுட்டு வெறும் பையோட திரும்பி வந்தான். நான் உங்க எல்லாரையும் கஞ்சப் பிசினாறிங்கன்னு நெனச்சேன்."

நாற்பத்து மூன்று வருடமாக நாடு முழுவதும் ஜோக் கேட்கிறது என்று நம்பியிருக்கிறான். ஆனாலும் சந்தேகம் குறையவில்லை. ஒரு விஷயத்தில் உண்மை பேசுகிறவன் எல்லா விஷயத்திலும் பேசுவான் என்று யார் சொன்னது?

கோரா வெளியே வந்தாள். எலும்புக்கூடு வேஷம்: கறுப்பு உடையில் வெள்ளை வண்ணத்தால் எலும்புகள் தீட்டப்பட்டிருந்தன. "போலாம்பா. அவங்களும் வரட்டும்."

"உனக்குப் பரவால்லையா?"

"ஜோக் ந-நல்லா இருக்கு," என்றாள், அவன் கேட்டது அதைத்தான் என்பதுபோல.

முதல் வீடு ஓய்வுபெற்ற தபால்காரர் ஆர்லோவுடையது. லீலண்ட் மகளை ஒட்டி நின்று, கேமராவுக்குத் தன் தோளைக் காட்டினான். கேமராக்காரர் நகர்ந்தார். அவனும் நகர்ந்தான்.

"ஜோக் எங்கம்மா? சும்மால்லாம் கெடையாது," என்றார் ஆர்லோ, மிட்டாய்க் கிண்ணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு.

"ஒரு எலும்புக்கூடு டாக்டர்கிட்ட போச்சாம். டாக்டர் அத மேலயும் கீழயும் பாத்தாராம். பாத்துட்டு…"

வாய் திறந்தபடி நின்றது. ஆர்லோ காத்திருந்தார். கிப்பின் உதட்டோரம் மெல்ல அசைவதை லீலண்ட் பார்த்தான். கழுதைச் சத்தம் அவன் காதில் கேட்டது. மூன்று வினாடி. நான்கு.

"'கொஞ்சம் லேட்டா வந்துட்டீங்க'ன்னாராம்!" என்று லீலண்ட் உரக்கச் சொன்னான்.

யாரும் சிரிக்கவில்லை. ஆர்லோ கிண்ணத்தையே பார்த்தார். கோரா திரும்பினாள்.

"அது என் ஜோக்குப்பா."

"இல்ல கண்ணு, நீ நின்னுட்ட, நான் அதான்…"

"நான் நி-நிக்கல. டாக்டர் பாத்துட்டு இருக்காரு. அதுக்கு நேரம் ஆகும்."

ஆர்லோ மிட்டாயை நீட்டினார். அவள் வாங்கவில்லை. "ஜோக்கு நான் சொல்லல," என்று படியிறங்கினாள்.

லீலண்டின் முகம் எரிந்தது. கிப் அருகில் வந்தார். "அந்த இடைவெளி இருக்கே சார், மேடையில அவ்வளவு நேரம் நிக்க எனக்குத் தைரியம் வராது."

"அத வெட்டிடுவீங்க. இல்லன்னா அதுக்கு ஏதாவது சத்தம் சேப்பீங்க."

கிப் சற்று யோசித்தார். "சேத்திருக்கோம். இல்லன்னு சொல்லல."

லீலண்ட் காகிதத்தை எடுத்தான். தெருவிளக்கின் கீழ் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்தான். எடுத்த படத்தைக் குறைக்கவும் கூட்டவும் மாற்றவும் உரிமை உண்டு என்ற வரியை இரண்டு முறை அழுத்தி அடித்தான். "வக்கீல் ஒத்துக்க மாட்டாரு," என்றாள் மரிசோல். கிப் லீலண்டிடமிருந்து பேனாவை வாங்கி, அடித்த இடத்துக்குப் பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதுவும் நடிப்பாக இருக்கலாம் என்று லீலண்டுக்குத் தோன்றியது. தன் கையெழுத்துக்கான இடத்தை வெறுமையாகவே விட்டான்.

அடுத்த வீட்டுப் படியில் கோரா ஏறினாள். "நீங்க கீழயே இருங்கப்பா."

அவன் கீழேயே நின்றான். அந்த வீட்டு அம்மாள் கதவைத் திறந்தாள். எலும்புக்கூடு டாக்டரிடம் போனது. டாக்டர் மேலும் கீழும் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். லீலண்ட் பல்லைக் கடித்துக்கொண்டான். நாக்கு நுனியில் அந்த வாக்கியம் வந்து நின்றது. ஆறு. ஏழு. அந்த அம்மாள் கிண்ணத்தோடு முன்னே குனிந்தாள். ஒன்பது.

"'கொஞ்சம் லேட்டா வந்துட்டீங்க'ன்னாராம்."

அந்த அம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கிப்பும் சிரித்தார். அது எந்தச் சிரிப்பு என்று லீலண்ட் அவர் முகத்தில் தேடினான். தெரியவில்லை. படியின் மேல் கோராவின் எலும்புகள் குலுங்கின, அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவன் காகிதத்தைத் தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டான்.