நிரந்தரமாக மூடப்பட்ட துறை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்ததே கைப்பேசி சொன்ன ஒரு பொய்யால்தான். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையைத் தேடினேன். 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று சிவப்பு எழுத்தில் வந்தது. நிமிர்ந்தால் எதிரிலேயே துறை. ஆட்கள் இருக்கிறார்கள், மின்விசிறி ஓடுகிறது. (எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'நூலகர் இசைவாணி ஜன்னல் வழியே கல்வராயன் மலையைப் பார்த்தபடி...'

சே, வேண்டாம். அவளுக்கு மலையைப் பார்க்க ஏது நேரம்? எதிரே பகலவன் நிற்கிறான். அந்தத் துறையின் தற்காலிக விரிவுரையாளன். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் எம்.எஸ்சி.க்குப் பத்துப் பேராவது சேர வேண்டும். இல்லாவிட்டால் இந்த ஆண்டு வகுப்பு கிடையாது, அவனுக்கு வேலையும் கிடையாது. இதுவரை ஆறு பேர்.

"இன்னா மேடம், நம்ம துறைய மூடிட்டாங்கன்னு போன்ல காட்டுதுங்க? மலையிலேர்ந்து ஷாலினின்னு ஒரு பொண்ணு போன் பண்ணி, 'மூடிக்கினு போயிட்டீங்களா சார்?'னு கேக்குது."

இசைவாணி தன் கைப்பேசியில் தேடிப் பார்த்தாள். அதே சிவப்பு எழுத்து.

3

இந்த இடத்தில் ஒரு வில்லனை வைக்க ஆசைப்பட்டேன். பக்கத்து ஊர்க் கல்லூரிக்காரன், பொறாமை பிடித்தவன், ஒரு நாள்... [அடித்துவிட்டேன்.]

மூடியது இசைவாணியேதான். மே மாதம் துறை புதுக் கட்டடத்துக்கு மாறியது. பழைய மாடியில் யாரும் வீணாக ஏறி இறங்கக் கூடாதே என்று, இணைய வரைபடத்தில் 'மூடப்பட்டது' என அவளே தெரிவித்தாள். நூலகர் புத்தி! கிழிந்த புத்தகத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, புதுப் பிரதிக்குப் பதிவு போட மறந்த கதைதான்; புது இடத்தை வரைபடத்தில் சேர்க்கவில்லை. அவள் மூடியது ஓர் அறையை. தேடுபொறி துறைக்கே பூட்டுப் போட்டுவிட்டது.

"மூடினது நான்தாங்க சார்," என்றாள். திட்டுவான் என்று நினைத்தாள். அவனோ, "அப்ப தொறக்கறதும் நீங்கதாங்க," என்றான்.

4

(கொஞ்சம் கட்டுரை வாடை அடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

தேடுபொறிக்குக் கண் கிடையாது. நாலு இடத்தில் எழுதியிருப்பதைச் சேர்த்துப் பார்த்து, இது இன்னது என்று முடிவு கட்டுகிறது. யாரும் எழுதாவிட்டால் அதுவாக ஊகிக்கும். துறை எந்தக் கல்லூரியைச் சேர்ந்தது, எப்போது தொடங்கியது, எங்கிருந்து எங்கே மாறியது? புத்தகத்துக்கு இப்படி எழுதித்தானே நூலகர் சம்பளம் வாங்குகிறார்! இசைவாணி கல்லூரி இணையதளத்தில் துறைக்கென ஒரு பக்கம் எழுதினாள். தேடுபொறிகள் எடுத்துப் படிக்கிற, யாரும் எழுதக்கூடிய பொதுத் தகவல் தளத்தில் பதிந்தாள். வரைபடத்தில் திருத்தம் கேட்டாள். மூன்றிலும் ஒரே விவரம். பிறகு தினமும் பத்துத் தடவை தேடிப் பார்த்தாள். சோறு இறங்கவில்லை.

ஆறாம் நாள் காலை, 'திறந்திருக்கிறது' என்று வந்தது.

"அப்பாடா!" என்று கத்தினாள். படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.*

* 'அமைதி காக்கவும்' என்ற பலகை அவள் எழுதி மாட்டியதுதான்.

5

ஷாலினி பத்தாவது ஆளாக, கடைசி நிமிடத்தில் ஓடி வருவதாக ஒரு முடிவு எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பத்தாவது ஆள் வெள்ளிக்கிழமை காலையிலேயே உளுந்தூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டான். என்ன செய்ய? வகுப்பு பிழைத்தது. பகலவன் நூலகத்துக்கே வந்து இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டுப் போனான்.

ஷாலினி மாலை நாலு மணிக்கு, அம்மா இருசம்மாளோடு நூலகத்து வாசலில் நின்றாள். பதினொன்றாவது ஆள்.

"தொறந்திருக்குதுன்னு போட்டிருந்துதுங்க," என்றார் இருசம்மாள். "நெசமாவே என் பொண்ணுக்கு எடம் இருக்குதுங்களா?"

இசைவாணி சொன்ன பதிலை மூன்று விதமாக எழுதி, மூன்றையும் கிழித்துவிட்டேன். நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். அவள் எழுந்து, செருப்பைக்கூட மாட்டாமல், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு துறை வரைக்கும் நடந்தாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.